பல்லுக்கு ஒரு நங்கூரம்

பல்லுக்குக் கம்பி கட்டிய சிறுவர் சிறுமியரை இன்று நம் வகுப்பறைகளிற் காண்பது அரிதன்று. வளர்ந்தோரும் அக்கம்பியுடன் அலுவலகம் சென்று வருகின்றனர். பிறழ்ந்த பற்களை ஒழுங்குபடுத்துதல் அழகு கருதிய செயல் மட்டுமன்று. உணவை நன்கு மெல்லுதலும், சொற்களைத் திருத்தமாக உச்சரித்தலும், பற்களைத் துப்புரவாக வைத்திருத்தலும் அவ்வொழுங்கைச் சார்ந்தனவாம். இச்சிகிச்சையைப் பற்றிப் பேசுவோர் கம்பியைப் பற்றியே பேசுவர். அக்கம்பி எதனைப் பிடித்துக்கொண்டு பல்லை இழுக்கின்றது என்ற வினாவை எழுப்புவோர் சிலரே. அவ்வினாவுக்கு விடை தேடிய நெடிய முயற்சியின் வரலாற்றையும், அம்முயற்சியின் பயனாய்க் கிடைத்த மிகச் சிறிய உலோகத் திருகாணியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இன்று சிறிது ஆராய்வோம்.

கடலில் மிதக்கும் தோணியொன்றில் நின்றுகொண்டு ஒருவன் மற்றொரு தோணியைக் கயிற்றினால் இழுக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். இழுக்கப்படும் தோணி மட்டுமா அசைகின்றது? இழுப்பவன் நிற்கும் தோணியும் அதனை நோக்கி அசைகின்றது. அவனே கரையிலுள்ள துறைமேடையில் நின்று இழுப்பானாயின் தோணி மட்டுமே அவனிடம் வந்து சேரும். ஒவ்வொரு விசைக்கும் நிகரான எதிர்விசை உண்டு என்று 1687 ஆம் ஆண்டில் நியூட்டன் வகுத்த விதி கடலுக்கும் கரைக்கும் மட்டும் உரியதன்று; மனிதனின் வாய்க்குள்ளும் அது பிழையாது இயங்குகின்றது. ஒரு பல்லை மற்றொரு பல்லின் துணைகொண்டு இழுக்கும்போது இரண்டுமே நகர முற்படும். நகரக்கூடாத பல்லை நகராமல் நிறுத்திவைக்கும் பிடிமானத்தையே பற்சீரமைப்பு வைத்தியர் நங்கூரம் என்று வழங்குவர்.

பல்லானது சுவரில் அறைந்த ஆணியைப் போல் எலும்பில் இறுகிக் கிடப்பதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நாரிழைப் படலம் ஒன்று உண்டு. சிறிய விசையொன்று நெடுநாள் தொடர்ந்து தாக்குமாயின் வேர் நெருக்கும் பக்கத்து எலும்பு கரைகின்றது. வேர் விலகும் பக்கத்திற் புதிய எலும்பு படிகின்றது. சுவீடன் நாட்டவரான சாண்ஸ்டெட் என்பார் 1904 ஆம் ஆண்டளவில் நாயின் பற்களிற் பரிசோதனை நடத்தி, இம்மாற்றத்தை நுணுக்குக்காட்டியின் வாயிலாகக் கண்டு எழுதினார். இவ்வாறு ஒரு பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தூரம் நகரும். பல்லை நகர்த்துதல் இயல்வதும் இதனாலேயே. நகர்த்தக்கூடாத பல் தானே நகர்ந்துவிடுவதும் இதனாலேயே.

இதனால் விளையக்கூடிய இழப்பை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். முன்பற்கள் மிகவும் துருத்தி நிற்கும் ஒருவருக்கு இடம் உண்டாக்கும்பொருட்டு முன்கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கிவிடுகின்றனர். ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் இடைவெளி கிடைக்கின்றது. முன்பற்களைப் பின்னோக்கி இழுப்பதற்குக் கடைவாய்ப் பல்லைப் பிடிமானமாகக் கொள்கின்றனர். அக்கடைவாய்ப் பல் 3 மில்லிமீற்றர் முன்னே வந்துவிட்டால் முன்பற்களுக்கு எஞ்சுவது 4 மில்லிமீற்றரே. நோயுறாத ஒரு பல்லை இழந்து பெற்ற இடத்திற் பாதியளவு வீணாகிவிட்டது. பிடுங்கிய பல் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே நங்கூரத்தின் உறுதி என்பது வைத்தியரின் தொழில் நுட்பத்தோடு மட்டும் நிற்கும் செய்தியன்று. நோயாளி கொடுத்த விலை வீணாகுமா ஆகாதா என்பதும் அதிலேயே தங்கியுள்ளது.

பிரான்சு நாட்டுப் பல் வைத்தியரான பியர் போஷார் 1728 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில், வளைந்த உலோகத் தகடொன்றைப் பல்வரிசையோடு நூலாற் பிணித்துப் பற்களை நிரைப்படுத்தும் முறையை விவரித்துள்ளார். அங்கே பல்லுக்குப் பல்லே துணை. பின்னர் அமெரிக்காவில் இத்துறைக்கு வடிவம் கொடுத்த எட்வேட் ஆங்கிள், 1900 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிப் பாடசாலையொன்றைத் தொடக்கினார். பல பற்களை ஒன்றாகப் பிணைத்து ஒரு பல்லை இழுத்தல் அவர் காலத்து வழிகளில் ஒன்று. பத்துப் பேர் நிற்கும் தோணி ஒருவன் நிற்கும் தோணியை விட மெதுவாகவே அசையும் என்ற நியாயமே அதிலும் அமைந்தது. ஆயினும் அத்தோணியும் மிதக்கும் தோணியே அன்றோ?

வாய்க்குள் உறுதியான நிலம் கிடைக்காமையால் வைத்தியர் வாய்க்கு வெளியே அதனைத் தேடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கரான நோர்மன் கிங்ஸ்லி போன்றோர், தலையைச் சுற்றிய வார்ப்பட்டையிலிருந்து பற்களை இழுக்கும் முறையைக் கையாண்டனர். தலையோடு அல்லது கழுத்தின் பின்புறத்தோடு பிணைக்கப்பட்ட கடைவாய்ப் பல் எளிதில் முன்னே வாராது. விசைக்கணக்கின்படி இது செம்மையான வழியே. ஆனால் அவ்வார்ப்பட்டையை நாளொன்றுக்கு 12 மணி நேரமோ அதற்கு மேலோ, மாதக்கணக்காக, ஒரு சிறுபிள்ளை அணிந்திருத்தல் வேண்டும். உறக்கத்தில் அது உறுத்தும். பிறர் காணின் நகைப்பர். கம்பி திடீரென விடுபட்டு முகத்தையும் கண்ணையும் காயப்படுத்திய சம்பவங்களும் பதிவாகியுள்ளன. இத்தகைய ஒன்றைப் பல பிள்ளைகள் இரவிற் கழற்றி வைத்துவிடுவது வியப்பன்று. சிகிச்சை பிழைத்தபோது பழி அப்பிள்ளையின்மீதே விழுந்தது. ஒரு முறையின் வெற்றி முழுவதும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பொறுமையைச் சார்ந்திருக்குமாயின், அம்முறையை நம்பத்தக்கதென்று கூறுதல் எங்ஙனம்? மாணவரோடு வாழ்நாளைக் கழித்தவர் எவரும் இவ்வினாவை எளிதில் ஒதுக்கமாட்டார்.

நங்கூரத்தின் தேவை மேலும் பெருகுவதற்கு ஒரு காரணம் ஏற்பட்டது. ஆங்கிள் பல்லைப் பிடுங்குதலை எதிர்த்தவர். எல்லாப் பற்களையும் வைத்துக்கொண்டே ஒழுங்குபடுத்த வேண்டுமென்பது அவர் கொள்கை. அவருடைய மாணாக்கரான சாள்ஸ் ருவீட், அவ்வழியே தாம் சிகிச்சையளித்த பலருடைய பற்கள் துருத்தி நிற்பதையும் மீண்டும் பிறழ்வதையும் கண்டார். ஆசிரியர் 1930 ஆம் ஆண்டில் மறைந்தபின், அத்தகையோர் பலருக்குப் பற்களைப் பிடுங்கி மறுபடியும் சிகிச்சை செய்து, இரண்டு முடிவுகளையும் 1940 ஆம் ஆண்டிற் சகவைத்தியர் முன்னிலையிற் காட்சிக்கு வைத்தார். தம் தோல்வியைத் தாமே எடுத்துக் காட்டிய அச்செயல் இத்துறையின் போக்கை மாற்றியது. பிடுங்கி இடம் பெறும் வழக்கம் பெருகப் பெருக, அவ்விடத்தைக் காக்கும் உறுதியான நங்கூரத்தின் தேவையும் பெருகிற்று.

அவ்வாறாயின் எலும்பையே துறைமேடையாகக் கொண்டாலென்ன? இந்த எண்ணத்தை முதன்முதல் முறையாகச் சோதித்தவர்களுள் அமெரிக்கரான கெயின்ஸ்போத், ஹிக்லி ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். கோபாற்று, குரோமியம் முதலிய உலோகங்களின் கலவையாகிய விற்றாலியத்தாற் செய்த திருகாணிகளை நாய்களின் கீழ்த்தாடையெலும்பிற் பொருத்தி, அவற்றிலிருந்து பற்களை இழுத்தனர். பற்கள் நகரவே செய்தன. ஆனால் எந்தத் திருகாணியும் 31 நாளுக்கு மேல் நிலைக்கவில்லை. 1945 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இதனை மறைக்காது கூறியது. எண்ணம் சரி, பொருளும் முறையும் போதா என்ற படிப்பினை பின்வந்தோர்க்குக் கிடைத்தது.

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. சுவீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரனெமார்க், 1952 ஆம் ஆண்டில் முயலின் எலும்பிற் குருதியோட்டத்தை ஆராயும்பொருட்டுத் தைத்தேனியம் என்ற உலோகத்தாலான சிறு கருவியொன்றை அவ்வெலும்பிற் பதித்தார். ஆய்வு முடிந்து அதனை எடுக்க முயன்றபோது எடுக்க முடியவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றி வளர்ந்திருந்தது. 1965 ஆம் ஆண்டில், பல்லிழந்த ஒருவரின் தாடையில் இவ்வுலோக வேர்களைப் பதித்துச் செயற்கைப் பற்களைப் பொருத்தினார். இவ்வேர்களைச் சுற்றி நாரிழைப் படலம் இல்லை. ஆகவே இயற்கைப் பல்லை நகர்த்தும் விசை இவற்றை நகர்த்துவதில்லை. பற்சீரமைப்பு வைத்தியர் தேடிய அசையா நிலம் இதுவே எனப் பலருக்கும் தோன்றிற்று.

1983 ஆம் ஆண்டில் அமெரிக்கரான கிரீக்மோரும் எக்லண்டும், நோயாளி ஒருவரின் மூக்கின் அடியிலுள்ள எலும்பில் விற்றாலியத் திருகாணியொன்றைப் பொருத்தி, மேல் முன்பற்களை ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் மேலே தூக்கியதை எழுதினர். திருகாணி அசையவில்லை. எனினும் ஒரே நோயாளியைக் கொண்டு பேசுவதன் எல்லையை உணர்ந்தோராய், தம் கட்டுரையின் தலைப்பிற் சாத்தியம் என்ற சொல்லையே இட்டனர். அடுத்த ஆண்டில் யூஜின் றொபேட்சும் அவர் குழுவினரும் முயல்களின் தொடையெலும்பிற் பதித்த 20 தைத்தேனிய வேர்களில் 19 தொடர்ந்த விசையைத் தாங்கி உறுதியாக நின்றன என்று அறிவித்தனர். ஆயினும் பல்லின் வேர்போல் 3 அல்லது 4 மில்லிமீற்றர் தடித்த அவ்வுலோகத்தைப் பல்வேர்களின் இடையே வைக்க இடமில்லை. வைத்தாலும் எலும்பு ஒன்றும்வரை மாதக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். சிகிச்சை முடிந்தபின் அதனை அகற்றுதலும் எளிதன்று.

1997 ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியர் கனோமி, 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் 6 மில்லிமீற்றர் நீளமுமான சிறு திருகாணியைப் பயன்படுத்திக் கீழ் முன்பற்களைக் கீழ்நோக்கி அழுத்தியதை வெளியிட்டார். தடிப்பில் அது ஒரு நெருப்புக்குச்சிக்கும் குறைவானது. பல்வேர்களின் இடையே நுழையத்தக்கது. ஆயினும் எலும்பு ஒன்றும்வரை அவரும் மாதக்கணக்கிற் காத்திருந்தார். மறு ஆண்டில் இத்தாலியரான கொஸ்தாவும் உடனாய்ந்தோரும், காத்திராமல் உடனேயே விசையூட்டும் முறையை விவரித்தனர். கொரியாவில் பாக் முதலியோர் அடுத்த சில ஆண்டுகளில் இம்முறையை விரிவாகக் கையாண்டனர். இக்காலத்துத் திருகாணிகள் பெரும்பாலும் தைத்தேனியக் கலப்புலோகத்தாலானவை. உணர்ச்சியிழக்கும் மருந்தை முரசிற் சிறிதளவு ஏற்றிச் சில நிமிடங்களிற் பொருத்தப்படுவன. வேலை முடிந்ததும் எளிதிற் கழற்றப்படுவன.

இங்கே ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். பிரனெமார்க்கின் உலோக வேர், வேலியில் நட்ட கதியால் வேர்விட்டு நிலத்தோடு ஒன்றுவதைப் போன்றது. இச்சிறு திருகாணியோ, மாடு கட்ட அறைந்த உலர்ந்த முளையைப் போன்றது. வேர்விட்டு அன்று, மண்ணின் இறுக்கத்தினாலேயே அது நிற்கின்றது. மேல்மண் கெட்டியாயிருப்பின் நிற்கும். பொருபொருத்த மண்ணாயின் ஆடும். எலும்பின் மேலோடு தடிப்பாயுள்ள இடத்தில் திருகாணி உறுதியாயிருப்பதும், மெல்லியதாயுள்ள இடத்திற் கழன்றுவிடுவதும் இக்காரணத்தினாலேயே. எளிதிற் கழற்றக்கூடியது என்ற நன்மையும், தானாகவே கழன்றுவிடக்கூடியது என்ற தீமையும் ஒரே இயல்பின் இரு பக்கங்களாம்.

எனவே எண்ணிப் பார்க்கும் காலம் வந்தது. யப்பானில் மியவாக்கியும் உடனாய்ந்தோரும் 51 நோயாளரிடம் பொருத்தப்பட்ட 134 திருகாணிகளின் கணக்கை 2003 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ளவற்றில் நூற்றுக்கு 83.9 வீதமும், 2.3 மில்லிமீற்றர் தடிப்புள்ளவற்றில் நூற்றுக்கு 85 வீதமும் நிலைத்தன. 1 மில்லிமீற்றர் தடிப்புள்ளவற்றில் ஒன்றேனும் நிலைக்கவில்லை. மெல்லியது நன்று என்ற ஆசைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இந்தச் சுழியம் எந்தச் சொற்பொழிவையும் விடத் தெளிவாகக் காட்டிற்று. திருகாணியைச் சுற்றிய முரசு அழன்று வீங்குதலும் தோல்விக்கு ஒரு காரணமென அவர்கள் கண்டனர்.

மறு ஆண்டிற் தாய்வானைச் சேர்ந்த லியூ முதலியோர் வேறொரு வினாவை எழுப்பினர். கழலாது நிற்கும் திருகாணி உண்மையிலேயே அசையாது நிற்கின்றதா? 16 நோயாளரை அளந்து பார்த்தபோது, எழுவரிடத்தில் திருகாணி உறுதியாயிருந்தும் சிறிது இடம்பெயர்ந்திருந்தது. சிலரில் அப்பெயர்ச்சி 1.5 மில்லிமீற்றர் வரை சென்றது. ஆகவே பல்வேர், நரம்பு, குருதிக்குழாய் ஆகியவற்றிலிருந்து 2 மில்லிமீற்றர் விலக்கிப் பொருத்துக என அவர்கள் ஆலோசனை கூறினர். துறைமேடையும் ஓரளவு அசையும் என்பது அன்று தெரியவந்தது.

பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2012 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கணக்கொன்றில் 2,281 நோயாளரும் 4,987 திருகாணிகளும் இடம்பெற்றனர். தோல்வியுற்றவை நூற்றுக்கு 13.5 வீதம். மேல்தாடையில் நூற்றுக்கு 12 வீதம். கீழ்த்தாடையில் நூற்றுக்கு 19.3 வீதம். கீழ்த்தாடை எலும்பு மேல்தாடை எலும்பை விட அடர்ந்தது. அவ்வாறிருந்தும் அங்கே தோல்வி மிகுதியாயிருப்பது முதலில் முரணாகத் தோன்றும். அடர்ந்த எலும்பைத் துளைக்கும்போது வெப்பம் மிகுந்து எலும்பு கெடக்கூடும். அங்கே அசையாத முரசின் அகலமும் குறைவு. துப்புரவு செய்தலும் கடினம் என்று அறிஞர் காரணம் கூறுவர். திருகாணி பல்வேரைத் தொடுதலும் தோல்விக்கு ஒரு பெருங் காரணம்; மெல்லும்போதெல்லாம் வேர் சிறிது அசைந்து திருகாணியையும் அசைக்கும். மிகத் தளர்வாகவோ மிக இறுக்கமாகவோ முறுக்கிப் பொருத்துவதும் நன்றன்று. மேலண்ணத்தின் நடுப்பகுதியையொட்டிப் பொருத்தியவை சிறப்பாக நிலைக்கின்றன; 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் அவ்விடத்தில் வைத்த 384 திருகாணிகளில் நூற்றுக்கு 97.9 வீதம் நிலைத்தன.

நூற்றுக்கு 86 அல்லது 87 என்பது பரீட்சைத்தாளில் நல்ல புள்ளியே. ஆனால் அவ்வெண்ணை நோயாளியின் பக்கமிருந்தும் நோக்குதல் வேண்டும். மேலே கூறிய கணக்கில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக இரண்டு திருகாணிகளுக்குச் சற்று மேல் வருகின்றது. இரண்டும் முதல் முறையிலேயே நிலைத்தல் வேண்டும் எனின், ஒன்றன் விதி மற்றதைச் சாராது என்று கொண்டாலும், நூறு பேரில் ஏறத்தாழ எழுபத்தைந்து பேருக்கே அது வாய்க்கும். நால்வரில் ஒருவருக்கு ஒரு திருகாணியேனும் மீண்டும் பொருத்தவேண்டி வரும். திருகாணியை எண்ணினால் ஒரு விடை. மனிதரை எண்ணினால் வேறொரு விடை. சிகிச்சைக்கு வந்தவர் அறிய விரும்புவது இரண்டாவது விடையையே. அதனை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடுவது வைத்தியரின் கடமை. திருகாணி ஒருபோதும் பிழையாது என்று உறுதி கூறி அனுப்பப்படும் நோயாளி, அது கழன்ற நாளில் வைத்தியத்தையே வெறுப்பார்.

மறுபுறத்தில், கழன்ற திருகாணி கெட்டுப்போன சிகிச்சை ஆகாது. தோல்விகளிற் பெரும்பாலானவை முதல் சில வாரங்களில் அல்லது மாதங்களில், இழப்புப் பெரிதாகுமுன்னரே வெளிப்பட்டுவிடுகின்றன. கழன்றதை எடுத்துவிட்டால் முரசும் எலும்பும் ஆறிவிடும். அருகில் வேறோரிடத்தில் மற்றொன்றைப் பொருத்தலாம். வார்ப்பட்டையோ தன் தோல்வியை அறிவிப்பதில்லை. பல மாதங்கள் கழிந்து, கடைவாய்ப் பல் முன்னே வந்துவிட்ட பின்னரே அது தெரியவரும். அப்போது இழந்த இடத்தை மீட்பதும் அரிது. வெளிப்படையாகப் பிழைக்கும் கருவி, மறைவாகப் பிழைக்கும் கருவியை விட நம்பத்தக்கது. மேலும், பிள்ளையின் பொறுமையைச் சார்ந்திருந்த பாரத்தின் பெரும்பகுதியைத் திருகாணி ஏற்றுக்கொண்டது. பிள்ளைக்கு எஞ்சிய கடமை வாயைத் துப்புரவாக வைத்திருத்தலே.

நேயர்களே, 31 நாளில் எல்லாத் திருகாணிகளும் கழன்ற செய்தியை 1945 ஆம் ஆண்டில் இருவர் ஒளிக்காது எழுதினர். 1 மில்லிமீற்றர்த் திருகாணிகளில் ஒன்றேனும் நிலைக்கவில்லை என்ற செய்தியை 2003 ஆம் ஆண்டில் வேறு சிலர் எழுதினர். அவர்கள் வெற்றிகளை மட்டும் சொல்லியிருப்பார்களாயின், எவ்வளவு தடிப்பு வேண்டும், எங்கே பொருத்தல் வேண்டும், எதனைத் தொடலாகாது என்பவற்றை நாம் இன்றும் அறிந்திருக்கமாட்டோம். இத்துறையில் திருகாணியின் மதிப்பை உயர்த்தியவர்கள், கழன்றவற்றையும் நின்றவற்றோடு சேர்த்து எண்ணியவர்களே. அடுத்த முறை உங்கள் பிள்ளையின் வாயிற் சிறு திருகாணியொன்றைப் பொருத்தலாம் என்று ஒரு வைத்தியர் கூறுவாராயின், அது எத்தனை பேருக்கு நிலைத்தது என்று கேளுங்கள். எத்தனை பேருக்குக் கழன்றது, கழன்றால் அடுத்து என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். அவ்வினாக்களுக்குத் தயங்காது விடை கூறுபவரிடம் உங்கள் பிள்ளையை அமைதியோடு ஒப்படைக்கலாம்.